ஆடவல்லான் மரக்காலும் மாறாத எண்ணும்

ஜொகூர் மாநிலத்தில் 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்களாயின. பதினோர் ஆண்டுகள் அவ்வழக்கு நிலவியது. பின்னர் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுச் சனியும் ஞாயிறும் மீண்டும் விடுமுறை நாள்களாயின. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் ஞாயிறு விடுமுறையே இடைக்காலத்திலும் தொடர்ந்தது. மக்கள் இத்தகைய மாற்றங்களைச் சில வாரங்களில் பழகிக்கொள்வர். ஆனால், வருகைப் பதிவையும் ஊதியத்தையும் கணக்கிடும் கணினி தானாகப் பழகிக்கொள்வதில்லை. எவரேனும் ஒருவர் அதற்குரிய கட்டளைத் தொடரைத் திறந்து, விடுமுறை நாள் இன்னது எனத் திருத்தி எழுதுதல் வேண்டும்.

அக்கட்டளைத் தொடரே நிரல் எனப்படும். ஓரிடத்தில் திருத்தினால் போதுமா, நூறு இடங்களில் தேடித் திருத்த வேண்டுமா என்பது, அந்நிரலை முதலில் எழுதியவர் ஒரு சிறு ஒழுங்கைக் கைக்கொண்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. பலரும் பல இடங்களிலும் ஆளும் ஓர் அளவுக்குப் பெயரிட்டு, அதனை ஓரிடத்தில் வைத்து, எவரும் அறியாமல் மாற்றாதவாறு காத்தலே அவ்வொழுங்கு. கணினி அறிஞர் இதனை மாறிலிக்குப் பெயரிடுதல் என்பர். இது கணினியோடு பிறந்த கருத்தன்று. தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் மரக்காலுக்கும் நிறைகல்லுக்கும் இவ்வொழுங்கைக் கைக்கொண்டிருந்தனர்.

மாறியும் மாறிலியும்

நிரலில் ஓர் எண்ணை ஆளும் முறை மூன்று. எண்ணை அப்படியே எழுதுதல் ஒன்று. அதனை ஒரு மாறியில் இட்டு ஆளுதல் மற்றொன்று. மாறிலியாகப் பெயரிட்டு ஆளுதல் மூன்றாவது.

முதல் முறையின் குறை எளிதிற் புலப்படும். மலேசியாவில் வாரத்திற்கு உரிய வேலை நேரத்தின் மேல்வரம்பு 48 மணி என்றிருந்தது, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஓர் ஊதிய நிரலில் 48 என்னும் எண் இருபது இடங்களில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவற்றுட் சில வாரத்தின் வேலை நேரத்தைக் குறிக்கும். வேறு சில, இரண்டு நாளுக்குரிய மணிகளைக் குறிக்கும். எல்லா 48ஐயும் 45 ஆக்கினால் இரண்டு நாள் என்பது மூன்று மணி குறைந்துவிடும். சிலவற்றை விட்டுவிட்டால் தொழிலாளியின் மிகைநேர ஊதியம் பழைய கணக்கிலேயே நின்றுவிடும். எழுதியவர் உள்ளத்தில் இருந்த பொருள் எண்ணில் இல்லை. ஆகவே படிப்பவர் ஊகித்தே அறிதல் வேண்டும். இத்தகைய வெற்று எண்களை மாய எண்கள் என்று நிரலாளர் நகைப்பாகக் குறிப்பிடுவது இது பற்றியே.

'வாரவேலைமணி' எனப் பெயரிட்டுவிட்டால் இவ்விரு குறைகளும் நீங்கும். பொருள் விளங்கும்; திருத்தமும் ஓரிடத்தில் முடியும். இங்கேதான் மாணவர் ஒரு வினா எழுப்புவர். மாறிக்கும் பெயர் உண்டே. அதுவும் ஓரிடத்தில்தானே உள்ளது. பின் மாறிலி எதற்கு என்பது அவ்வினா. இவ்வினா நியாயமானது.

மாறி என்பது பெயர் எழுதிய பெட்டி போன்றது. இன்று வந்த மாணவர் தொகை, இம்மாதம் சேர்ந்த பணம் ஆகியன அதற்கு உரியவை. அதனுள் உள்ளதை நிரலின் எந்த வரியும் மாற்றலாம்; மாற்றுவதற்காகவே அது உள்ளது. அங்ஙனம் இருக்கையில், மாறக்கூடாத ஒன்றை மாறியில் இடுவது, நிறைகல்லைக் களிமண்ணாற் செய்வது போலாகும். தீய எண்ணம் உடையவர் வரவேண்டுவதில்லை. ஓர் எழுத்துப்பிழையே போதும். சி முதலிய மொழிகளில் ஒரு சமக்குறி இட்டால் 'இம்மதிப்பை அதனுள் வை' என்று பொருள். இரு சமக்குறி இட்டால் 'இரண்டும் ஒன்றா எனப் பார்' என்று பொருள். ஒப்பிட்டுப் பார்க்க எண்ணியவர் ஒரு குறியை விட்டுவிட்டால் வாரத்தின் வேலை நேரமே மாறிவிடும். நிரல் நில்லாது ஓடும். விடை மட்டும் பிழையாக வரும். அதே பெயர் மாறிலியாக இருப்பின், நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி அவ்வரியை ஏற்க மறுத்து, பிழை இன்ன இடத்தில் உள்ளது என்றும் காட்டும்.

ஆகவே மாறிலி பெயரோடு காப்பையும் தருகிறது. படிப்பவருக்கும் அது ஓர் உறுதி. ஆயிரம் வரிகளுக்கு அப்பால் அப்பெயரைக் காணும்போது, இடையில் எவரேனும் அதை மாற்றினரோ எனத் தேட வேண்டுவதில்லை.

தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் நெறி

முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டான். அவன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையின் இரண்டாம் தொகுதியாகப் பதிப்பிக்கத் தொடங்கினார். மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கோயிலுக்கு அளித்த பொன்னும் மணியும் அவற்றில் ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டுகளைப் படிப்பவர் ஒரு செய்தியைத் தவறாமற் காண்பர். இத்தனை கழஞ்சு பொன் என்று மட்டும் அவை கூறி அமைவதில்லை. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் உடன் கூறுகின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் பதித்த அணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இரண்டும் அக்கோயிலில் எழுந்தருளுவித்த இறைவன் திருமேனிகளின் பெயர்களே. எடுத்தலளவைக்கு இங்ஙனம் பெயர் வைத்தமை போலவே முகத்தலளவைக்கும் பெயர் வைத்தனர். கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் கல்வெட்டுகள் விளக்குகின்றன. இராசகேசரி என்பது சோழ மன்னர் மாறி மாறிப் புனைந்த இரு பட்டங்களுள் ஒன்று. இராசராசனுக்கு உரியதும் அதுவே.

இவ்விளக்கம் கருதத்தக்கது. கோயிலின் அளவு தனியே நில்லாமல் அரசின் அளவோடு பிணைக்கப்பட்டது. இன்றைய நிரலாளரும் ஒரு மாறிலியை வேறொரு மாறிலியைக் கொண்டே வரையறுப்பர். 'பள்ளி விடுமுறை என்பது மாநில விடுமுறையே' என ஒரு வரி எழுதிவிட்டால், மாநில விடுமுறை திருத்தப்படும்போது பள்ளி விடுமுறையும் உடன் திருந்தும். 'ஆடவல்லான் இராசகேசரியோடு ஒக்கும்' என்பதும் அத்தகைய வரியேயாம்.

இதில் யாருடைய நலம் அடங்கியிருந்தது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். இராசராசன் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சையிற் குடியேற்றினான். ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அது ஆடவல்லான் மரக்காலால் அளக்கப்படுதல் வேண்டும். கலம் ஒன்றுக்கு மரக்கால் 12. மரக்கால் ஒன்றுக்கு நாழி 8. ஆகவே 100 கலம் என்பது 1,200 மரக்கால், அதாவது 9,600 நாழி. அளப்பவன் கையில் உள்ள மரக்கால் ஒரு நாழி குறைவாக இருப்பின், ஒரு பெண்ணுக்கு ஆண்டில் 1,200 நாழி குறையும். அது பன்னிரண்டரைக் கலம். நானூறு பேருக்கு 5,000 கலம். கல்வெட்டில் 'நூறு கலம்' என்னும் சொல் ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கும்; நெல் மட்டும் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பல ஊர்களிலிருந்து வந்த அப்பெண்டிர், தத்தம் ஊரில் பழகிய மரக்கால்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்திரா. எண்ணைக் காப்பதற்கு எண்ணை எழுதுவது மட்டும் போதாது என்பதை உணர்ந்தே மரக்காலின் பெயரையும் கோயிற் சுவரில் வெட்டினர். சுவரில் வெட்டியதை இரவோடு இரவாக எவரும் அறியாமல் மாற்றுதல் அரிது. அதுவே அக்காலத்துக் காப்பு.

பெயர் ஒன்று, அளவு பல

நீட்டலளவையிலும் இந்நெறியைக் காணலாம். நிலம் விற்ற கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோலின் நீளமும், உலகளந்த கோல், குடிதாங்கிக் கோல் என்று கோலின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. குழி என்பது கோலால் அளந்த சதுரம். கோல் வேறுபட்டால் குழியும் வேறுபடும். நூறு குழி நிலம் என்று மட்டும் எழுதிய ஆவணம், கோல் இன்னது என்று தெரியாத வரை முற்றுப்பெறாத ஆவணமே. அதனாலன்றோ பல கோயில்களின் சுவர்களிலே அளவுகோலின் நீளத்தைக் கோடாகப் பொறித்து வைத்தனர். ஐயம் உற்றவர் தம் கோலை அக்கோட்டின்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மலாயாவுக்குக் குடிபெயர்ந்த தமிழர் காத்தி, பிக்குல் என்னும் அளவைகளைக் கண்டனர். நூறு காத்தி ஒரு பிக்குல். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு காத்தி 1⅓ இறாத்தல் எனச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 604.8 கிராம். அதே அளவையின் சீன வடிவம் சீனாவில் இன்று 500 கிராம். தைவானில் 600 கிராம். வழக்கில் பெயர் ஒன்றாயினும் எல்லை கடந்தவுடன் மதிப்பு வேறாகிறது. பெயர் மட்டும் போதாது, அப்பெயர் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் தெளிவாதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். நிரல் மொழிகளிலும் ஒவ்வொரு பெயருக்கும் செல்லும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஜொகூரில் அரசுக்கு வெள்ளி விடுமுறையாகவும் தனியார் பலருக்கு ஞாயிறு விடுமுறையாகவும் இருந்த ஆண்டுகளில், 'விடுமுறை' என்னும் ஒரே பெயரை இருவருக்கும் வைத்த நிரல் எங்ஙனம் இடர்ப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு ஐந்தான கதை

கணினி மொழிகள் இந்நெறியை ஒரே நாளிற் கற்றுக்கொள்ளவில்லை. ஜான் பாக்கஸ் என்பாரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957ஆம் ஆண்டு போர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். அறிவியற் கணக்குகளுக்கு அது பெருந்துணையாயிற்று. எனினும் அதன் பழைய தொகுப்பிகள் சிலவற்றில் ஒரு விந்தை நிகழக்கூடும். நிரலில் 4 என்று எழுதினால், அவ்வெண்ணைக் கணினி தன் நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, 4 வரும்போதெல்லாம் அவ்விடத்தையே நோக்கும். அவ்வெண்ணை ஒரு துணைநிரலுக்குக் கொடுக்கும்போது எண்ணைக் கொடாது, அது இருக்கும் இடத்தின் முகவரியையே கொடுக்கும். துணைநிரல் தான் பெற்றதனோடு ஒன்றைக் கூட்டினால் அவ்விடத்தில் 5 அமர்ந்துவிடும். அதன்பின் நிரல் முழுவதிலும் 4 என்று எழுதிய இடமெல்லாம் 5 என்றே கணக்கிடப்படும். எழுதியவர் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் பிழை கண்ணிற் படாது. தாளில் உள்ளது 4 அல்லவா?

சுவரில் நூறு கலம் என்று நிற்க, மரக்கால் குறைந்துபோன நிலைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எழுத்து மாறவில்லை, அளவு மாறிவிட்டது.

நிக்லாஸ் விர்த் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ்கல் மொழி, நிரலின் முகப்பிலேயே மாறிலிகளை அறிவிப்பதற்குத் தனிப்பகுதி வகுத்தது. கற்பிப்பதற்கென ஆக்கப்பட்ட மொழியாதலின், மாணவர் முதலிலேயே மாறாதவற்றையும் மாறுபவற்றையும் பிரித்து எழுதப் பழகினர். 1978இல் தரப்படுத்தப்பட்ட போர்ட்ரான் 77 எண்களுக்கு மாறாப்பெயர் இட வழி செய்தது. டென்னிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழியில், தொகுப்பதற்கு முன்பே பெயருக்கு மாற்றாக எண்ணை இட்டு நிரப்பும் முறை முதலில் இருந்தது; மாறிலி எனக் குறிக்கும் சொல் பின்னர் சி++ மொழியின் வழியாக வந்து, 1989ஆம் ஆண்டின் தரத்தில் இடம்பெற்றது. இணையப் பக்கங்களுக்குரிய ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் தோன்றியதாயினும், அதன் தரத்தில் மாறிலி அறிவிப்பு இருபதாண்டு கழித்து 2015இல்தான் சேர்ந்தது.

அங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் விடுமுறை நாள்களின் பட்டியலை மாறிலியாக அறிவித்தால், அப்பெயரை வேறொரு பட்டியலுக்குச் சூட்ட இயலாது. ஆனால், அதே பட்டியலுக்குள் மூன்றாவது நாளைச் சேர்த்தல் இயலும். மரக்காலின் பெயரைக் காத்தனர். மரக்காலின் அடியைத் தட்டி ஒடுக்காதவாறு காக்கவில்லை என்க. பைத்தான் மொழியிலோ மொழியே இடும் பூட்டு இல்லை. மாறிலியின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் எழுதுவது அம்மொழியாளர் வழக்கம். அதைக் கண்டவர் மாற்றலாகாது என்பது அவர்க்குள் உள்ள உடன்பாடு. ஊரார் நாணயத்தின்மேல் நிற்கும் அளவு அது.

மாறிலியும் காலமும்

இறுதியாக ஓர் ஐயம் எழும். ஜொகூரின் வார விடுமுறை மாறியது. வேலை நேரமும் மாறியது. அங்ஙனம் மாறுபவற்றை மாறிலி என்பது முரண் அன்றோ?

மாறிலி என்பது உலகில் என்றும் மாறாதது என்னும் பொருளுடையதன்று. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அது மாறாது. மாற்ற வேண்டின், உரியவர் அறிந்து, ஓரிடத்தில், வெளிப்படையாக மாற்றுதல் வேண்டும் என்பதே கருத்து. அரசாணையால் அளவு மாறுவது வேறு; அளப்பவன் கைபட்டு மாறுவது வேறு.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. 2019ஆம் ஆண்டின் பள்ளி வருகைப் பதிவை இன்று எடுத்துக் கணக்கிடும் நிரலில் 'விடுமுறை = சனி, ஞாயிறு' என்று ஒரே மாறிலி வைத்தால், அவ்வாண்டில் பள்ளி நடந்த ஞாயிறெல்லாம் விடுமுறையாகிவிடும். புதிய அளவைப் பழைய காலத்தின்மேல் ஏற்றுவதால் வரும் பிழை இது.

இதனினும் பழைய சான்று கடிகாரம். தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீனிச்சு நேரத்தினும் ஏழரை மணி முற்பட்டிருந்தது, 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் எட்டு மணியாக்கப்பட்டது. சிங்கப்பூரும் அன்றே உடன் மாற்றிக்கொண்டது. 1975இல் ஜொகூர் பாருவில் பிறந்த ஒருவரின் சாதகத்தை எட்டு மணி என்னும் ஒரே மாறிலியைக் கொண்டு கணிக்கும் நிரல் அரை மணி பிழைபடும். ஓர் இலக்கினத்தின் கால அளவு ஏறத்தாழ இரண்டு மணியாதலின், நால்வரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடக்கூடும். ஆதலின் உலக நேரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் கணினிப் பட்டியல், ஒவ்வோர் ஊருக்கும் எந்த நாள் முதல் எந்த அளவு என்று காலத்தோடு சேர்த்தே குறித்து வைத்துள்ளது.

சோழர் கல்வெட்டும் இவ்வாறே செய்தது. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, அளவின் பெயர், அளந்த தொகை ஆகியவற்றை அது சேர்த்தே கூறும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பின்வருவோர்க்குக் கணக்கு விளங்காது.

பெயரிடுவோர் கடன்

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுத்தது. நிரலுக்குப் பெயரிடுவோர் இப்பகுப்பை நினைவிற் கொள்ளுதல் நலம். 'ஏழு' என்று பெயரிட்டு அதற்கு 7 என்று மதிப்பளிப்பவர், மாறிலி அமைத்தும் அதன் பயனை இழந்தவராவர். 'வாரநாள்கள்' என்று பெயரிடின் காரணம் விளங்கும். 'நாற்பத்தெட்டு' என்று பெயரிட்டவர் 2023இல் அதற்கு 45 என மதிப்பளிக்க நேர்ந்திருக்கும். நகைப்புக்கிடமான பெயராகிவிடும் அது.

மலேசிய இடைநிலைப் பள்ளிகள் பலவற்றில் 2017 முதல் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாயிற்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற மாணவர் அங்கே பெமாலார், பெம்போலே உபா என்னும் மலாய்ச் சொற்களைச் சந்திக்கின்றனர். மாறிலி, மாறி என்னும் தமிழ்ச் சொற்கள் அவற்றின் பொருளைத் தம் வடிவிலேயே தாங்கி நிற்பவை. சொல்லோடு நில்லாது, ஆடவல்லான் மரக்காலின் கணக்கையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஒரு நாழி குறைந்தால் நானூறு பேர் இழப்பது எவ்வளவு என்பதை மாணவரே பெருக்கிக் கண்டுகொள்வர். மாறிலியைப் பூட்டி வைப்பது ஏன் என்று அதன்பின் அவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியிராது.